ருமேனியா விற்ற ஊசி

2021 ஜூன் கடைசியில் ருமேனியா ஒரு வியாபாரம் பேசி முடித்தது. கையிருப்பில் இருந்த ஃபைசர் கொரோனா தடுப்பூசியில் சுமார் 11.7 லட்சம் டோஸை டென்மார்க்குக்கு விற்பதென்று முடிவானது. அடுத்து அயர்லாந்தும் 7 லட்சம் டோஸ் வரை வாங்கிக்கொள்ள முன்வந்தது. உலகின் பல நாடுகளில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்குமே ஊசி எட்டாத காலம் அது. ருமேனியாவின் குளிர்பதனப் பெட்டிகளிலோ ஊசி நிறைந்து கிடந்தது, போட்டுக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை. காலாவதித் தேதி நெருங்குகிறது, குப்பையில் கொட்டுவதைவிட விற்றால் காசாவது மிஞ்சும் என்று அரசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் தப்பு சொல்ல முடியாது.

நாலு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபரில் டெல்டா அலை அந்த நாட்டைப் புரட்டிப் போட்டது. 1.9 கோடிப் பேர் வாழும் நாட்டில் ஒரு நாள் சாவு 500-ஐத் தாண்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கை காலியானால் அது செய்தி. ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளை இறக்க முடியாமல் மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்தன. புக்கரெஸ்ட் பல்கலைக்கழக மருத்துவமனையின் பிணவறை நிரம்பிவிட, பைகளில் சுற்றிய உடல்களைத் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தார்கள். நோயாளிகள் சிலர் ஹங்கேரிக்கு அனுப்பப்பட்டார்கள். ருமேனியாவைவிட ஏழை நாடான மால்டோவாவிலிருந்து மருத்துவர் குழு உதவிக்கு வந்தது. செத்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் ஊசி போடாதவர்கள். அந்த மாதத் தொடக்கத்தில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்டவர்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரி அதைப்போல் இரண்டு மடங்கு.

விற்ற ஊசி போய்ச் சேர்ந்த டென்மார்க், செப்டம்பர் 10-ஆம் தேதியே கொரோனா கட்டுப்பாடுகளில் கடைசியாக மிஞ்சியிருந்ததையும் நீக்கிவிட்டது. குளிர்காலத்தில் சிலவற்றைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது உண்மைதான். ஆனாலும் புக்கரெஸ்ட் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கண்ட காட்சி கோபன்ஹேகனில் இல்லை. மருந்து ஒன்று, இரண்டு நாடுகளும் ஒரே ஒன்றியத்தில் இருப்பவை, விலையும் அரசே கொடுத்தது. பிறகு எங்கே பிசகியது?

படிப்பறிவு குறைந்த கிராமத்து ஜனம், போதாததற்கு ஃபேஸ்புக் வதந்தி என்று அப்போது பல ஊர்ப் பத்திரிகைகளும் எழுதி முடித்துவிட்டன. இதில் பாதி உண்மை இருக்கிறது. கிராமப்புறத்தில் ஊசி போட்டவர்களின் விகிதம் நகரத்தில் பாதி அளவுதான் இருந்தது. வதந்திக்கும் பஞ்சமில்லை. ஆனால் வதந்தி ஒரு ஊரில் எடுபடுவதும் இன்னொரு ஊரில் எடுபடாமல் போவதும் ஏன் என்ற கேள்விக்கு இது பதிலாகாது. டேனிஷ்காரர்களிடமும் ஃபேஸ்புக் இருக்கிறது.

அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. 2021 மே மாத வார இறுதிகளில், டிராகுலா கோட்டை என்று பெயர்போன பிரான் கோட்டையிலேயே முகாம் போட்டார்கள். முன்பதிவு வேண்டாம். வந்து ஊசி போட்டுக்கொண்டால் சான்றிதழ் கொடுத்து, உள்ளே இருக்கும் இடைக்காலச் சித்திரவதைக் கருவிகளின் கண்காட்சியையும் இலவசமாகக் காட்டினார்கள். தலைநகரின் ஓபோர் சந்தையில் ஊசியோடு சுட்ட இறைச்சி இலவசம். பின்னால் 100 லேய் மதிப்புள்ள உணவுக் கூப்பன் வந்தது, லாட்டரிப் பரிசும் வந்தது. ராணுவத்தின் மீது மக்களுக்கு மதிப்பு உண்டென்பதால் ராணுவ மருத்துவர் வலேரியு கியோர்கிட்சாவையே தடுப்பூசித் திட்டத்துக்குப் பொறுப்பாக்கினார்கள். பொறுமையாக, திருத்தமாகப் பேசும் மனிதர். அப்படியும் கோடையில் கூட்டம் வற்றிவிட்டது.

ஊசி என்றால் ஒரு சராசரி ருமேனியருக்கு என்ன நினைவு வரும் என்று அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு வெளிவந்த கொடுமைகளில் ஒன்று, மருத்துவமனைகளிலும் அநாதை விடுதிகளிலும் எச்.ஐ.வி. தொற்றோடு கிடந்த குழந்தைகள். சுத்திகரிக்காத ஊசிகளும் சோதிக்காத ரத்தமும் சுமார் 10,000 பிள்ளைகளுக்கு அந்தத் தொற்றைக் கொடுத்திருந்தன. எங்கள் நாட்டில் எய்ட்ஸ் இல்லை என்று சாதித்த அரசு அதை மூடி மறைத்திருந்தது. அந்தப் பிள்ளைகளின் வயதொத்தவர்களுக்குத்தான் 2021-இல் அதே அரசு மருத்துவமனைகள் ஊசியை நீட்டின.

அது சர்வாதிகாரக் காலத்துக் கதை என்று தள்ளிவிட்டாலும், 2015-ஐ அப்படித் தள்ள முடியாது. அந்த ஆண்டு அக்டோபர் 30 இரவு புக்கரெஸ்ட்டில் 'கொலெக்டிவ்' என்ற இசைக் கூடத்தில் தீப்பிடித்தது. 64 பேர் இறந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் செத்தது தீயில் அல்ல. அடுத்தடுத்த நாட்களிலும் வாரங்களிலும் சிகிச்சையில் இருந்தபோது இறந்தார்கள். எல்லா வசதியும் இங்கேயே இருக்கிறது என்று அமைச்சர்கள் தைரியம் சொன்னார்கள். தீக்காயத்தோடு பிழைத்தவர்களை மருத்துவமனைக் கிருமிகள் தின்றன. பிரதமர் விக்டர் போன்டா தெருப் போராட்டத்துக்குப் பணிந்து பதவி விலகினார்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் உண்மையை வெளியே கொண்டுவந்தது ஒரு விளையாட்டுப் பத்திரிகை. 'கசெட்டா ஸ்போர்டுரிலோர்' நாளிதழின் கடலின் தொலொன்டான் குழுவினர், நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுக்குக் கிருமிநாசினி விற்ற ஹெக்ஸி ஃபார்மா நிறுவனத்தின் சரக்கைச் சோதித்தார்கள். லேபிளில் எழுதியிருந்த வீரியத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது தண்ணீராக்கப்பட்டிருந்தது. அறுவை அரங்கைத் துடைத்தது அந்தத் தண்ணீர்தான். சுகாதார அமைச்சகம் முதலில் என்ன சொன்னது? சோதித்துப் பார்த்தோம், 95 சதவீதம் நன்றாகத்தான் இருக்கிறது என்றது. பிறகு அமைச்சர் போனார். அலெக்சாண்டர் நனாவ் இந்தக் கதையை ஆவணப்படமாக எடுத்தார். அந்தப் படம் இரண்டு ஆஸ்கர் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட செய்தி வந்தது 2021 மார்ச்சில், தடுப்பூசித் திட்டம் சூடுபிடித்திருந்த வேளையில்.

95 சதவீதம் என்று ஒருமுறை கேட்டு ஏமாந்த ஜனம், ஃபைசர் ஊசி 95 சதவீதம் பலன் தரும் என்று அதே அமைச்சகம் சொல்லும்போது சிரிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டாவது 95 உண்மையான ஆய்வில் கிடைத்த எண். முதலாவது பொய். கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

இதோடு மருத்துவமனைத் தீ விபத்துகளும் சேர்ந்துகொண்டன. 2020 நவம்பரில் பியாத்ரா நியாம்ட்ஸ் நகரத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 10 கொரோனா நோயாளிகள் கருகினார்கள். நோயாளிகளைக் காப்பாற்றப் பாய்ந்த மருத்துவர் உடலெங்கும் தீக்காயத்தோடு பெல்ஜியத்துக்கு விமானத்தில் கொண்டுபோகப்பட்டார். 2021 ஜனவரியில் தலைநகரின் மத்தேய் பால்ஷ் மருத்துவமனையில் தீ. நாட்டின் முதல் தடுப்பூசி போடப்பட்ட அதே மருத்துவமனை. அக்டோபர் முதல் தேதி கான்ஸ்டன்ட்சாவில் 7 பேர். பழைய கட்டடம், பழைய மின்கம்பி, ஓயாமல் பாயும் ஆக்சிஜன். உள்ளே போனால் பிழைப்போமா என்று மக்கள் பயந்ததை மூடநம்பிக்கை என்று யாரால் சொல்ல முடியும்?

ருமேனிய மருத்துவமனையில் கவர் கொடுக்கும் வழக்கம் வெகு காலமாக உண்டு. அறுவைக்கு முன் மருத்துவருக்கு ஒன்று, கவனித்துக்கொள்ளச் செவிலியருக்கு ஒன்று. சம்பளம் உயர்ந்த பிறகு குறைந்தது, ஒழியவில்லை. கொரோனா காலத்தில் அந்தக் கவருக்கு ஒரு புது வேலை கிடைத்தது. முறைப்படி ஒருவர் வந்து உட்காருவார். மருந்தை உறிஞ்சி எடுக்கும் கை அதைக் கையில் குத்தாமல் சிங்க்கில் பீய்ச்சிவிடும். கணினியில் பெயர் ஏறும், சான்றிதழ் கைப்பேசிக்கு வரும். 'சிங்க்கில் ஊசி போட்டவர்' என்றே பேச்சுவழக்கில் ஆகிவிட்டது. போலீஸ் வழக்குகள் வந்தன, மருத்துவப் பணியாளர்கள் கைதானார்கள். அட்டையில் ஊசி போட்டவர், உடம்பில் போடாதவர் என்ற நிலையில் மூச்சுத் திணறி வந்தவரை வைத்துக்கொண்டு மருத்துவர்கள் தவித்தார்கள். காசு கொடுத்துச் சாகும் ஏற்பாடு இது. ஆனாலும் அவர்கள் பாடத்தை எங்கே கற்றார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. காசு கொடுத்தால் எந்தப் பதிவேடும் வளையும் என்று சொல்லிக்கொடுத்தது அந்த மருத்துவமனைகள்தான்.

அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது என்பதால் அதை அறுவடை செய்தவர்களை விட்டுவிட முடியாது. கட்டுப்பாடுகளை எதிர்த்த 'ஆவுர்' கட்சி, யாரும் எதிர்பாராமல் 2020 டிசம்பர் தேர்தலில் சுமார் 9 சதவீத வாக்கு பெற்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அதன் பட்டியலில் வென்ற செனட்டர் டயானா ஷோஷோவாகா தடுப்பூசிக்கு எதிரான முகமாகவே ஆனார். மக்கள் மிக அதிகம் மதிக்கும் அமைப்புகளில் ஒன்றான ஆர்த்தடாக்ஸ் திருச்சபை, ஊசி அவரவர் விருப்பம் என்று சொல்லி நடுவில் நின்றது. கான்ஸ்டன்ட்சா பேராயர் தியோடோசியே போன்றவர்கள் வெளிப்படையாகவே சந்தேகம் கிளப்பினார்கள்.

ஆளும் தரப்பின் லட்சணமும் மெச்சும்படி இல்லை. ஜூன் முதல் தேதிக்குள் 50 லட்சம் பேர் என்று பிரதமர் ஃப்ளோரின் கட்சு அறிவித்த இலக்கு எட்டப்படவில்லை. அலை எழும்பிக்கொண்டிருந்த செப்டம்பர் 25-ஆம் தேதி, ஆளும் தேசிய லிபரல் கட்சி புக்கரெஸ்ட்டில் ஒரு கூரைக்குக் கீழே சுமார் 5,000 பிரதிநிதிகளைக் கூட்டித் தலைவர் தேர்தல் நடத்தியது. கட்சு வென்றார். பத்தே நாளில், அக்டோபர் 5-ஆம் தேதி, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அவர் அரசு கவிழ்ந்தது. புது அரசு அமைந்தது நவம்பர் 25-ஆம் தேதி. நாட்டின் மிக மோசமான ஏழு வாரங்களை இடைக்கால அரசு ஒன்று ஓட்டியது.

டென்மார்க்கை இங்கே உத்தமனாக நிறுத்தப் போவதில்லை. அதுவும் பெரிய தப்பு செய்தது. 2020 நவம்பரில், உருமாறிய கிருமி பரவுகிறது என்று நாட்டிலுள்ள மிங்க் விலங்குகள் அனைத்தையும் கொல்ல உத்தரவிட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள், ஒரு தொழிலே அழிந்தது. அப்படி உத்தரவிட அரசுக்குச் சட்ட அதிகாரமே இல்லை என்று பிறகு தெரிந்தது. மக்கள் நம்பிக்கை சரிந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் துறை அமைச்சர் மோகன்ஸ் யென்சன் பதவி விலகினார், விசாரணைக் குழு அமைந்தது, பிரதமரே அதன் முன் போய்ப் பதில் சொன்னார்.

2021 ஏப்ரல் 14 இன்னும் கவனிக்க வேண்டிய நாள். அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசியை இனிப் பயன்படுத்த மாட்டோம் என்று டென்மார்க் அன்று அறிவித்தது. ஊசி பலன் தருகிறது, ஆனால் மிக அரிதாகக் கடுமையான ரத்த உறைவு வருகிறது, எங்களிடம் வேறு ஊசி இருக்கிறது, தொற்றும் கட்டுக்குள் இருக்கிறது, அதனால் நிறுத்துகிறோம், திட்டம் சில வாரம் தள்ளிப்போகும் என்று அதிகாரிகள் உள்ளதை உள்ளபடி அடுக்கினார்கள். நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே மருந்துத் துறை அதிகாரி ஒருவர் மயங்கி விழுந்ததும் நடந்தது. பிறகு தேறிவிட்டார். இவ்வளவையும் பார்த்த மக்கள் மற்ற ஊசிகளைப் போட்டுக்கொள்ள வரிசையில் வந்தார்கள். ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பாங் பீட்டர்சன் குழு அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதை விளக்கும்: குறையை வெளிப்படையாகச் சொன்னால் அந்த ஊசிக்கு ஆள் குறைவார்கள், ஆனால் சொன்ன அதிகாரிகள் மீதான நம்பிக்கை நிற்கும். பூசி மெழுகினால் ஊசிக்கும் ஆள் வர மாட்டார்கள், நம்பிக்கையும் போகும்.

அதே ஏப்ரல் 14-ஆம் தேதி புக்கரெஸ்ட்டில் நடந்தது வேறு. கொலெக்டிவ் ஆவணப்படத்தில் மருத்துவமனைச் சீர்கேட்டோடு மல்லுக்கட்டுகிறவராக உலகம் பார்த்த விளாட் வொய்குலெஸ்கு, அப்போது மீண்டும் சுகாதார அமைச்சராக இருந்தார். பிரதமர் அவரை அன்று பதவியிலிருந்து நீக்கினார். கூட்டணிச் சண்டை. அமைச்சரின் நிர்வாகத்திலும் குறை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். தடுப்பூசித் திட்டத்தின் நடுவில், சுத்தம் செய்ய வந்தவர் என்று பெயரெடுத்த ஒருவரை வெளியேற்றினால் ஜனம் என்ன எடுத்துக்கொள்ளும்?

டேனிஷ் ரத்தத்தில் நம்பிக்கை ஓடுகிறது என்று சொல்பவர்கள் அந்த நாட்டின் எச்.பி.வி. கதையைப் படிக்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் இந்த ஊசியை அங்கே சிறுமிகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2015-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம், ஊசிக்குப் பிறகு தலைச்சுற்றல், தீராத அசதி என்று அவதிப்பட்ட பெண்களைக் காட்டியது. ஊசிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக ஐரோப்பிய மருந்து முகமை ஆராய்ந்து காணவில்லை. ஆனால் அதற்குள் விகிதம் 40 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. உலகத்தில் அரசை அதிகம் நம்பும் ஜனம் என்று பெயர் வாங்கிய ஊரில் இது நடந்தது.

2017-இல் அந்நாட்டுச் சுகாதார ஆணையம், புற்றுநோய்ச் சங்கம், மருத்துவர் சங்கம் மூன்றும் சேர்ந்து 'ஸ்டாப் எச்.பி.வி.' என்று இறங்கின. முடிவெடுப்பவர்கள் தாய்மார்கள் என்று கண்டு அவர்களிடம் பேசின. ஃபேஸ்புக்கில் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதின. புற்றுநோய் வந்து மீண்ட பெண்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். யாரையும் மடையர் என்று திட்டவில்லை. விகிதம் திரும்ப ஏறியது. கொரோனா வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே டென்மார்க் இந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது.

ருமேனியாவுக்கு இதைவிடப் பலத்த எச்சரிக்கை அதற்கு ஒன்பது ஆண்டு முன்னால் வந்திருந்தது. 2008 இறுதியில் பள்ளிகளில் சுமார் 1.1 லட்சம் சிறுமிகளுக்கு அதே எச்.பி.வி. ஊசி போட ஏற்பாடானது. போட்டுக்கொண்டவர்கள் 2.57 சதவீதம். எங்கள் பிள்ளைகளைப் பரிசோதனை எலியாக்குகிறார்கள் என்று பெற்றோர் மறுத்துவிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீடுகள் கதவைச் சாத்தினால் ஓர் அரசு என்ன செய்ய வேண்டும்? ஏன் என்று கேட்க வேண்டும். அங்கே திட்டத்தைத்தான் மூட்டை கட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் பெண்கள் சாகும் விகிதம் மிக அதிகமான நாடு ருமேனியா. 2016-இல் தட்டம்மை பரவி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிடித்துப் பலரைக் கொன்றது. அதுவும் போதிய எச்சரிக்கையாகப் படவில்லை.

கொரோனா ஊசி வந்தபோது முதலில் கட்டியது பெரிய மையங்களும் இணையப் பதிவும். கிராமத்தில் எழுபது வயது மூதாட்டி எந்த இணையத்தில் பதிவு செய்வார்? அவருக்குத் தெரிந்த, அவர் சொன்னால் கேட்கும் ஒரே வெள்ளைக் கோட்டு குடும்ப மருத்துவர். அந்தக் குடும்ப மருத்துவர்கள் தங்கள் கிளினிக்கிலேயே ஊசி போடத் தொடங்கியது மே மாதம்தான். ஆர்வம் இருந்த மாதங்கள் அதற்குள் ஓடிவிட்டன.

அக்டோபர் 25 முதல் சான்றிதழ் இல்லாதவர்களுக்குக் கடை, உணவகம், இரவு நடமாட்டம் என்று கெடுபிடி வந்ததும் கூட்டம் திரண்டது. முதல் டோஸ் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. கட்டாயம் வேலை செய்கிறதே என்று சிலர் சொன்னார்கள். சாவு கண்ணெதிரே நிற்கும்போது பயமும் கட்டாயமும் சேர்ந்து வேலை செய்யும்தான். அலை தணிந்தது, வரிசையும் கலைந்தது. பணியிடத்தில் சான்றிதழைக் கட்டாயமாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் முடங்கியது. கடைசியில் மக்கள்தொகையில் சுமார் 42 சதவீதத்தோடு, பல்கேரியாவுக்கு மட்டும் மேலே, ஒன்றியத்தின் கடைசிக்கு முந்தைய இடத்தில் ருமேனியா நின்றது. கொரோனாவில் அந்நாட்டின் அதிகாரபூர்வச் சாவுக் கணக்கு 68,000-ஐ ஒட்டியது.

அவநம்பிக்கை மட்டும் கிருமியோடு போகவில்லை. 2024 நவம்பரில் அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் முன்னிலை பெற்றவர், கொரோனாவையே சந்தேகித்துப் பேசிவந்த கலின் ஜார்ஜெஸ்கு. வெளிநாட்டுத் தலையீட்டுப் புகாரில் அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. ஆவுர் கட்சி நாடாளுமன்றத்தில் தன் பலத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டது. அதே 2024-இல் ருமேனியாவில் தட்டம்மை கண்டவர்கள் 30,692 பேர். ஐரோப்பிய வட்டாரத்தில் எந்த நாட்டிலும் அவ்வளவு இல்லை.

இதற்கு நடுவே யாரும் அதிகம் பேசாத ஒன்றும் நடந்தது. 2008-இல் மண்ணைக் கவ்விய எச்.பி.வி. ஊசியை 2020-இல் வேறு வழியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். பள்ளியில் வரிசை கட்டி நிறுத்தவில்லை. பெற்றோர் குடும்ப மருத்துவரிடம் போய்ப் பேசி, விரும்பினால் விண்ணப்பம் கொடுக்கலாம் என்றார்கள். விண்ணப்பம் குவிந்தது, கையிருப்புதான் போதவில்லை. 2023 டிசம்பரிலிருந்து 11 முதல் 18 வயது வரை சிறுமிகளுக்கும் சிறுவர்களுக்கும் அது இலவசம். முன்பு கதவைச் சாத்திய அதே நாட்டில், தெரிந்த முகம் எதிரே உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொன்னதும் கதவு திறந்தது. சிக்கல் என்னவென்றால், அந்த முகம் எல்லா ஊரிலும் இல்லை. ஒன்றியத்தில் சேர்ந்த 2007 முதல் ஆயிரக்கணக்கான ருமேனிய மருத்துவர்கள் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். பல கிராமங்களில் குடும்ப மருத்துவர் இடம் ஆண்டுக் கணக்கில் காலியாகக் கிடக்கிறது. அடுத்த தடுப்பூசிப் பிரசாரத்துக்கு விளம்பர நிறுவனம் தேடுவதற்கு முன்னால் புக்கரெஸ்ட் நிரப்ப வேண்டியவை அந்த இடங்கள்.